கரிக் கப்பல் சேலை

பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். தராசு, கருவாட்டுக் கடை அண்ணாச்சியிடம் இரவல் வாங்கியது. அது வீட்டுக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து படுக்கையறை முழுக்க நெத்திலி வாசம்.

"கூடுதலா இருக்கு. எதையாவது இறக்கு" என்றார்.

அவர் வேலை பார்த்தது ஓர் உப்புக் கம்பெனியின் எடைமேடையில். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எடைமேடை அவரை விட்டு இறங்கவில்லை. கேஸ் சிலிண்டர், தேங்காய் மூட்டை, பக்கத்து வீட்டுக் குழந்தை, எது கிடைத்தாலும் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து என்னையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார். நல்லவேளை, எண்ணை மட்டும் வெளியே சொன்னதில்லை.

இது நடந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு. கிளாஸ்கோவில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகள் முத்துக்கனி அந்த நாட்டுக் குடிமகள் ஆகப் போகிறாள். அதற்கென்று ஒரு விழா வைப்பார்களாம், எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டுமாம், வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாமாம். "நீங்க ரெண்டு பேரும் வந்தே ஆகணும்" என்று டிக்கெட் எடுக்கத் தயாராக இருந்தாள்.

இவர், அவள் காதில் விழும்படியே, வரமாட்டேன் என்றுவிட்டார்.

"என்னத்துக்கு வரணும்? எம்புள்ள நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கதைப் பாத்துக் கைதட்டவா?"

அதன் பிறகு கனியோடு போனில் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். அவள் அழைக்கும் சத்தம் கேட்டாலே மோட்டார் போடப் போய்விடுவார். அந்த மாதங்களில் எங்கள் மாடித் தொட்டி வழிந்த அளவுக்குத் தாமிரபரணியே வழிந்திருக்காது.

எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. வேலை, வீடு, சிநேகிதம் எல்லாம் அங்கே என்றான பிறகு அவள் அங்கேயே வேர் விடுவது நியாயம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் அந்த விழா முடிந்து வெளியே வரும்போது அவள் எனக்கு யாரோ ஒருத்தியாக ஆகியிருப்பாளோ என்று பயந்தேன். அதை மோட்டார் போட்டு மறைக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, பயணம் போவது நான் மட்டும். அவருடைய பங்கு, பெட்டியை எடை போடுவது.

தடை செய்யப்பட்ட பொருள்

நான் வேலை பார்த்த துறைமுகத்தில் கப்பலில் ஏற்றக்கூடாத பொருள்களுக்கு ஒரு நீளமான பட்டியல் உண்டு. கனி எனக்கு விதித்த தடையில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சேலை.

"சேலை வேண்டவே வேண்டாம்மா. இங்க எப்பவும் மழை, காத்து. பஸ்ல ஏறும்போது தடுக்கும். ரெண்டு ஜீன்ஸ், நாலஞ்சு முழுக்கை டாப்ஸ், நல்ல ஷூ. அது போதும்" என்றாள் வீடியோ காலில்.

"விழாவுக்கு மட்டும் ஒரே ஒரு பட்டு?"

"வேண்டாம்மா. எல்லாரும் பாப்பாங்க."

எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதானே பட்டுக்கு அந்த விலை வைத்திருக்கிறான்? யாரும் பார்க்கக்கூடாது என்றால் நான் ஏன் முதல் மாடி ஏறி, ஏசியில் உட்கார்ந்து, அவன் கொடுக்கும் கலரைக் குடித்துவிட்டு, ஐம்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்கிறேன்? இதையெல்லாம் அவளிடம் கேட்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஆனால் அந்த வார்த்தை குத்தியது. கல்யாணத்துக்குச் சேலை கட்டினேன், கப்பலுக்குச் சேலை கட்டினேன், அவளைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் சேலையில்தான் போனேன். அவள் நாட்டை விடுகிறாள், அது அவள் விருப்பம். என்னை எதற்காகச் சேலையை விடச் சொல்கிறாள்?

கொடைக்கானலுக்கா, மேடம்?

என்னோடு துணி எடுக்க வந்தவள் ஜெசிந்தா. ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். மணப்பாட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் கப்பலில் உலகம் முழுக்கச் சுற்றியவர். அதனால் சுற்றியது தான்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அவள் நேரில் போன தூர தேசம் வேளாங்கண்ணி.

"ஏளா சந்திரா, அங்கன ஒரு அடுக்குத் துணி போட்டா செத்தே போவ. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காப் போடணும்" என்றாள், ஆட்டோவில் ஏறியதும். வெயில் அப்போது ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

துணிக்கடையில் நாங்கள் ஜீன்ஸ் கேட்டதும் அந்தக் கடை அண்ணாச்சி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். போட்டுக்கொள்ளும் பெண் பின்னால் வருகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

அவர் முகத்தில் வியாபாரிக்கு உரிய நிதானம் திரும்பி வர ஒரு நொடி பிடித்தது. "தாராளமா எடுங்க. இப்பம்லாம் எல்லாரும் போடுதாவ" என்றார். எல்லாரும் என்றால் யார் யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிரையல் ரூம் என்பது ஒரு திரை, ஒரு கண்ணாடி, கதவில்லாத ஒரு மூலை. எனக்குக் கால் இரண்டு என்பதை அறுபது வயதில் முதன்முதலாக அந்தக் கண்ணாடியில்தான் தெளிவாகப் பார்த்தேன். திரையை விலக்கி எட்டிப் பார்த்த ஜெசிந்தா தீர்ப்புச் சொன்னாள்.

"முன்னால நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் முதுகைக் காட்டாத."

ஸ்வெட்டர் கேட்டதற்கு அண்ணாச்சி, "கொடைக்கானலுக்கா மேடம்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எடுத்து வைத்ததை அவரே திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு அங்கன இறங்குனா ஏர்போட்டு வாசல்லயே வெறைச்சுருவிய. பாவம், எனக்கு வேண்டாம்" என்றார். தூத்துக்குடியில் வியாபாரம் செய்பவர்களில் இப்படியும் ஒருவர்.

கோட்டுக்கு ஜெசிந்தா வழி செய்தாள். அவள் வீட்டுக்காரர் கப்பல் தளத்தில் போட்ட ஆரஞ்சுக் கோட்டு, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையோடு, பரணில் இருந்தது. எனக்கு முழங்காலுக்கும் கீழே தொங்கியது. கடலில் விழுந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று தைரியம் சொன்னாள்.

கரிக் கப்பல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, முதல் நாள் பூ வைத்த தலைமேல் ஹெல்மெட் மாட்டிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, துறைமுகத்துக்குள் சேலையோடு எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தார். அம்மா, சேலை சமாளித்துக்கொண்டது. நான்தான் தடுமாறினேன்.

எல்லாக் கப்பலுக்கும் எல்லாச் சேலையும் ஆகாது. மரத்தடிக் கப்பலுக்கு வெளிர் நிறம் கட்டலாம். உரக் கப்பலுக்குப் பழசு. நிலக்கரிக் கப்பல் வந்தால் மட்டும் தனிச் சேலை. காப்பிக்கொட்டை நிறப் பருத்தி, மஞ்சள் கரை. எவ்வளவு கரித்தூள் பட்டாலும் அதில் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு கப்பல் மேடைக்குப் போய், காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூக்கின் நுனி கறுத்து வீடு திரும்புவேன்.

காலையில் அந்தச் சேலையோடு அறையை விட்டு வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார்:

"கரிக் கப்பல் வந்துட்டா?"

"வந்துட்டு" என்பேன். அன்றைக்கு நான் வரத் தாமதமாகும், உலை வைப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் இதைவிடக் காதலாக யாரும் யாரிடமும் பேசியதில்லை.

கனிக்கு மட்டும் அந்தச் சேலை ஆகாது. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும்போது, கப்பலிலிருந்து நேராக அவள் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டேன். மற்ற அம்மாக்கள் பவுடர் பூசி வந்திருந்தார்கள், நான் கரி பூசி வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

"இந்தச் சேலையோட இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா. எல்லாரும் பாக்காவ."

வீடியோ காலில் அவள் சொன்னது எனக்கு ஏன் குத்தியது என்று இப்போது புரிந்திருக்கும். இத்தனை வருடத்தில் அவள் பேச்சு மாறிவிட்டது, ஆனால் சொன்னது அதே விஷயம்.

டன்னேஜ்

பெட்டிக்கு வருவோம்.

ஜீன்ஸும் டாப்ஸும் ஒரு மூலையோடு அடங்கிவிட்டன. மீதி இடம் எல்லாம் நார்த்தங்காய் ஊறுகாய், குழம்புப் பொடி, கருப்பட்டி, மக்ரூன் டப்பா. ஊறுகாயைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் ருசி கெட்டுவிடும் என்று கனியே சொல்வாள், அதனால் கண்ணாடி பாட்டில். அந்தப் பாட்டில் உடைந்தால் நான் கிளாஸ்கோவில் இறங்கும்போது என் ஜீன்ஸ் ஊறுகாயாகியிருக்கும்.

கப்பலில் சரக்கு ஏற்றும்போது பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் பலகை, பாய், சாக்கு என்று எதையாவது செருகுவார்கள், கடல் ஆட்டத்தில் ஒன்றோடு ஒன்று முட்டி உடையாமல் இருக்க. அதற்கு டன்னேஜ் என்று பெயர், டன் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சரக்காக யாரும் எண்ணுவதில்லை. எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. வேலை நாளெல்லாம் சரக்குக் காகிதங்களோடு கிடந்தவள் நான்.

அவர் மோட்டார் போடப் போன நேரமாகப் பார்த்து பீரோவின் அடித்தட்டிலிருந்து காப்பிக்கொட்டைச் சேலையை எடுத்தேன். நைந்து பஞ்சாகியிருந்தது. ஊறுகாய் பாட்டிலுக்கு ஒரு சுற்று, பொடி டப்பாவுக்கு ஒரு சுற்று, கொசுவம் வைத்துக் கருப்பட்டிக்கு ஒரு சுற்று. கனி தடை போட்டது நான் கட்டும் சேலைக்கு. ஊறுகாய் கட்டும் சேலைக்கு அவள் தடை எதுவும் போடவில்லையே.

அப்படியாக, சேலை கட்டிக்கொண்டு வெளிநாடு போனது ஊறுகாய் பாட்டில். பேன்ட் போட்டுக்கொண்டு போனது நான்.

ஆரஞ்சுக் கோட்டுக்காரி

வாகைக்குளத்தில் விமானம் ஏறும்வரை அவர் பெட்டியைப் பற்றி மட்டுமே பேசினார். உள்ளே போகத் திரும்பும்போது, "அவகிட்ட ஒடம்பைப் பாத்துக்கிடச் சொல்லு" என்றார். நீங்களே போனில் சொல்லலாமே என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

கிளாஸ்கோவில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது இரண்டு பேர் என்னிடம் வந்து தள்ளுவண்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். கோட்டின் மகிமை. மூன்றாவது ஆளுக்கு நானே கையைக் காட்டினேன்.

கனி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, ஜீன்ஸ்ல சூப்பரா இருக்க!" என்று நாலு போட்டோ எடுத்தாள். மூன்றுக்கு நான் முதுகைக் காட்டவில்லை.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது பாட்டில்மேல் இருந்த சேலையைச் சுழற்றி எடுத்தவள் ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தாள். "இன்னுமா இதை வச்சிருக்க?" என்றாள். துவைக்கும் இயந்திரத்தின்மேல் போட்டுவிட்டு ஊறுகாயைத் திறக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். மகள் சிரிப்பது, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது, தபால்காரருக்குக் கையசைப்பது எல்லாம் அந்த ஊர்க்காரியாக இருந்தது. ஒரு தடவைகூட அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் நான் அவரோடு பேசும் ஒவ்வொரு தடவையும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

பத்து மணி விழா

விழா நாள் காலை. மழை, அந்த ஊரில் வேறு என்ன இருக்கும்? கனி கறுப்புப் பேன்ட், கழுத்து மூடிய கறுப்பு ஸ்வெட்டர், அதன்மேல் போட ஒரு சாம்பல் கோட்டு என்று தயாராகிவிட்டாள். நான் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, ஷூவின் நாடாவோடு போராடிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரமாகச் சத்தமில்லை. போய்ப் பார்த்தால் சாம்பல் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள்.

"அம்மா, நீ சேலை எதுவும் கொண்டு வரலை, இல்ல?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? "ஏன், ரெண்டு ஜீன்ஸ் பத்தலியா? இன்னொன்னு எடுத்துட்டு வரவா?" என்றேன்.

"உனக்கு இல்லம்மா. எனக்கு."

அவள் சேலைகளையெல்லாம் வீடு மாறும்போது யார் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். பக்கத்தில் இருக்கும் ஒரே சேலைக் கடையையும் பதினொரு மணிக்குத்தான் திறப்பானாம். சொல்லிக்கொண்டு வந்தவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அங்க போய் நின்னா, நான் எங்கேயிருந்தும் வரலைங்கிற மாதிரி இருக்கும்மா. அப்பா சொன்னது மாதிரி, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்ததா ஆயிரும்."

ஒரு வாரமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. அப்பா. எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போய் இயந்திரத்தின்மேல் கிடந்ததை எடுத்து வந்தேன்.

"இதுதான் இருக்கு. துவைக்கல. ஊறுகாய் நாத்தம் அடிக்கும்."

"பரவால்ல."

"இதைக் கட்டுனா எல்லாரும் பாப்பாவ, கனி."

"பாக்கட்டும்" என்றாள்.

உள்பாவாடை இல்லை, ஜாக்கெட் இல்லை. பேன்ட்டின்மேலேயே செருகி, ஸ்வெட்டரின்மேல் முந்தானை போட்டேன். என் தாலிச் செயினில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். அதைத் தடை செய்ய அவள் மறந்திருந்தாள். ஒன்றை இடுப்பில் குத்தினேன், ஒன்றைத் தோளில். குனிந்து கொசுவத்தை நீவிவிட்டபோது நார்த்தங்காய் வாசம் குப்பென்று அடித்தது. சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.

மண்டபத்தில் விதவிதமான நாட்டு உடைகள். வாசலில் எல்லாரையும் வரவேற்ற அம்மாள் எங்களைக் கண்டதும் நேராக என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் நாட்டின் புதுக் குடிமகளுக்கு வாழ்த்துகள் என்றார். கனியைப் பார்த்து, அம்மாவின் விழாவுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று மகிழ்ந்தார். அவரைக் குறை சொல்லி என்ன? மழைக்கு ஏற்ற கோட்டு போட்டு நின்றவள் நான், கொட்டுகிற மழையில் பருத்திச் சேலையோடு வந்தவள் அவள். நான் நன்றி சொல்லி வாழ்த்தை வாங்கிக்கொண்டேன். கிடைத்ததை எதற்கு விட வேண்டும்?

கனி எழுந்து நின்று உறுதிமொழி சொன்னாள். குரல் நடுங்கவில்லை. என் கண்தான் அவள் இடுப்பு ஊக்கிலேயே இருந்தது. அவள் எனக்கு யாரோ ஒருத்தியாக ஆகிவிடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "ஊக்கு குத்துதும்மா" என்றாள்.

வெளியே படிக்கட்டில், கூரையின் கீழ் நின்று வீட்டுக்கு வீடியோ காலில் அழைத்தேன். என் எண் என்பதால் எடுத்துவிட்டார். உடனே போனைக் கனியின் பக்கம் திருப்பினேன்.

இதோ மோட்டார் போடப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. திரையில் அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கண்ணைச் சுருக்கி, தராசு முள்ளைப் பார்ப்பதுபோல அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏளா கனி," என்றார். "கரிக் கப்பல் வந்துட்டா?"

கனிக்கு முகம் கோணிவிட்டது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்துட்டுப்பா."

எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ஜீன்ஸின் எல்லாப் பைகளிலும் கையை விட்டுப் பார்த்தேன். பை நிறைய வைத்துத் தைக்கிறார்கள், முந்தானை ஒன்று வைக்கத் தெரியவில்லை.